மிஷன் பள்ளிக்கூடத்தின் மற்றப் பக்கம்

ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ச் சபை கனடாப் பூர்வகுடிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது முதலில் எழுந்த கேள்வி, "மிஷன் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லலாமோ?" என்பதுதான். கேட்டவர் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஓர் அன்ரி. அந்தக் கேள்வியை அமர்த்திவிடாதீர்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கினார்கள். வின்ஸ்லோ தமிழுக்கு அகராதி செய்தார். டொக்டர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். மதம் மாற்றும் நோக்கம் அங்கேயும் இருந்தது. ஆனாலும் பிள்ளையை அனுப்புவதா இல்லையா என்பது தாய் தகப்பன் கையில் இருந்தது. கனடாவிலோ பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று திருச்சபைகள் நடத்திய வதிவிடப் பாடசாலைகளுக்கு அனுப்ப மறுத்த பெற்றோருக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி தண்டமோ சிறையோ கிடைக்கலாம். அங்கே பிள்ளை தன் மொழியைப் பேசினால் அடி விழுந்தது. ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் இப்படிப் பிரிக்கப்பட்டார்கள்; 4,000க்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அரசு பணம் கொடுத்தது. கத்தோலிக்க, அங்கிலிக்கன், ஐக்கிய, பிரஸ்பிட்டேரியன் சபைகள் நடத்தின. இரண்டையும் ஒரே பலகையில் பக்கம் பக்கமாக எழுதிப் போட்ட பிறகு அன்ரி வேறு கேள்விகள் கேட்டார், நல்ல கேள்விகள்.

"இலங்கையில் எங்களுக்கும் கொடுமை நடந்ததுதானே" என்று யாரோ ஒருவர் கட்டாயம் சொல்வார். உண்மைதான். அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். இல்லையென்றால் கூட்டம் முழுக்க ஊர்க் கதையிலேயே போய்விடும்.

கனடாத் திருச்சபைகளின் கூட்டமைப்பான கைரோஸின் போர்வைப் பயிற்சியைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். நிலத்தில் விரித்த போர்வைகள்தான் நாடு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு எல்லாரும் அதில் நிற்க, ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் வாசித்து வாசித்துப் போர்வைகளை மடித்துக்கொண்டு போவார்கள். நோயின் பெயரால் சிலர் வெளியே அனுப்பப்படுவார்கள். கடைசியில் கால் வைக்க இடம் இராது. பிறகு வட்டமாக இருந்து பேசும் நேரத்தைக் குறைக்கவே வேண்டாம், சோறு ஆறினாலும் பரவாயில்லை.

பேச வரும் பூர்வகுடி மூத்தவருக்கு மதிப்பூதியம் கொடுங்கள். காணிக்கையாகப் புகையிலை கொடுக்கும் வழக்கம் இங்கே பல சமூகங்களில் உண்டு. அவரது வழக்கத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள். "உங்களுக்கு வதிவிடப் பாடசாலையில் என்ன நடந்தது?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். சபை தன் பங்கைப் படித்துவிட்டு அவரை அழைப்பதுதான் மரியாதை. வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 94 அழைப்புகளில் 59ஆவது, திருச்சபைகள் இந்த வரலாற்றையும் அதில் தங்கள் பங்கையும் சபையாருக்கு இடைவிடாமல் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஒரு ஞாயிறு பிரசங்கத்தோடு முடிகிற வேலை அல்ல அது.

கடைசியில் ஒப்புரவு ஜெபம் சொல்லி முடித்துவிடத்தான் எங்கள் ஆக்களுக்கு அவசரம். ஐக்கிய திருச்சபை 1986இல் சட்பரியில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. 1988இல் அவர்கள் தந்த பதிலில் அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னார்களே தவிர, ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. சொன்னபடி நடக்கிறார்களா என்று பார்க்கக் காத்திருந்தார்கள். இதை நான் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

வதிவிடப் பாடசாலைப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டெம்பர் 30க்குச் செம்மஞ்சள் சட்டை எடுக்க முன்னர், பிரான்ட்ஃபர்டில் 1970வரை நடந்த மோஹாக் வதிவிடப் பாடசாலைக்கு இளைஞர்களைக் கூட்டிப் போங்கள். கட்டடத்தின் பின்சுவர்ச் செங்கற்களில் பிள்ளைகள் கீறிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. நுழைவுக் கட்டணத்தைச் சபைப் பணத்திலிருந்தே கட்டுங்கள்.