ஆங்கிலப் பெயரடைகளும் தமிழ் மாணாக்கரும்

ஒரு மொழியின் இலக்கணத்தைப் பிறிதொரு மொழியின் கலைச்சொல்லால் விளக்கப் புகுங்கால், விளக்கத்தோடு மயக்கமும் உடன் வந்துவிடுவதுண்டு. ஆங்கிலத்தில் 'அட்ஜெக்டிவ்' எனப்படும் சொல்வகையைப் 'பெயர் உரிச்சொல்' என வழங்குதல் இத்தகையது. தொல்காப்பியர் உரியியலில் கூறும் உரிச்சொல் வேறு, இது வேறு. 'நனி', 'தவ' முதலிய உரிச்சொற்கள் பெயரோடும் வரும், வினையோடும் வரும். ஆகவே, மொழியியலார் வழங்கும் 'பெயரடை' என்னும் சொல்லையே ஈண்டு ஆள்கிறோம்.

தமிழ்வழி பயின்று கல்லூரிக்கு வரும் மாணாக்கர் பலர் பெயரடையின் வகைகளைத் தடையின்றி ஒப்புவிப்பர். ஆயின், பெயரடை அமைந்த வாக்கியம் ஒன்றை எழுதச் சொன்னால் தடுமாறுவர். வகைகளின் பெயரைக் கற்ற அளவுக்கு அவை வாக்கியத்தில் நிற்கும் நிலையைக் கல்லாமையே இதற்குக் காரணம் எனலாம்.

பொருள் நோக்கிய வகைகள்

பள்ளி இலக்கண நூல்கள் பெயரடையைப் பண்பு, அளவு, எண், சுட்டு, வினா, உடைமை எனப் பொருள் நோக்கிப் பகுக்கும். 'குட் பாய்', 'சம் ரைஸ்', 'த்ரீ புக்ஸ்', 'தட் ஹவுஸ்', 'விச் ரோட்', 'மை பென்' என்பன முறையே எடுத்துக்காட்டுகள். இவற்றைத் தமிழில் நிறுத்திப் பார்ப்போம். 'நல்ல' என்பது குறிப்புப் பெயரெச்சம், 'மூன்று' எண்ணுப்பெயர், 'அந்த' சுட்டு, 'எந்த' வினா, 'என்' ஆறாம் வேற்றுமைப் பொருளில் வருவது. ஆங்கிலம் ஒரு கூரையின்கீழ் வைத்ததைத் தமிழ் பல இடங்களில் வைத்துள்ளது.

ஆங்கிலத்திலும் இப்பகுப்பு என்றும் ஒருபடித்தாய் இருந்ததில்லை. பழைய இலத்தீன் மரபில் பெயரடை தனிச் சொல்வகையன்று. பெயரின் ஒரு கூறே. இராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் அது தனிச் சொல்வகையாக நிற்கிறது. இராண்டால்ஃப் குவர்க் முதலிய நால்வர் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணமோ சுட்டு, வினா, உடைமை முதலியவற்றை 'டிடர்மினர்' எனப் பிரித்துவிட்டது.

இப்பிரிவால் மாணாக்கர்க்குப் பயன் உண்டு. 'என்னுடைய அந்தப் பேனா' எனத் தமிழில் உடைமையும் சுட்டும் அடுத்தடுத்து வரும். அதைப் பின்பற்றி 'மை தட் பென்' என எழுதுவது பிழை. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஓரிடத்துக்கே உரியவை; ஒன்று வந்தால் மற்றது வாராது. 'தட் பென் ஆஃப் மைன்' என்பதே மரபு.

இடம் நோக்கிய வகைகள்

பெயருக்கு முன் நிற்பது, பயனிலையில் நிற்பது எனப் பெயரடை இருவகைப்படும். பெரும்பாலானவை ஈரிடத்தும் வரும். 'மெயின்' என்பது பெயருக்கு முன் மட்டுமே நிற்கும். 'அஸ்லீப்' என்பது அவ்வாறு நில்லாது. 'த சைல்ட் இஸ் அஸ்லீப்' என்னலாம். 'ஆன் அஸ்லீப் சைல்ட்' என்னலாகாது. 'ஏ ஸ்லீப்பிங் சைல்ட்' என்றே கூறல் வேண்டும்.

பயனிலையில் வரும்போது தமிழ்ச்சொல் 'நல்லவன், நல்லவள், நல்லது' எனப் பால் காட்டித் தானே முடியும். ஆங்கிலப் பெயரடை மாறாது. தானே முடியவும் வல்லதன்று. நம் மாணாக்கர் 'ஹி குட்' என எழுதி 'இஸ்' என்பதை விட்டுவிடுவது இதனாலேயே.

ஒப்புமை

'தேனின் இனியது' என்னும்போது ஒப்புமையைக் காட்டுவது ஐந்தாம் வேற்றுமை உருபு. 'இனியது' என்னும் சொல் மாறவில்லை. ஆங்கிலத்திலோ பெயரடையே 'ஸ்வீட், ஸ்வீட்டர், ஸ்வீட்டஸ்ட்' என வடிவம் மாறும். 'பியூட்டிஃபுல்' போன்ற நெடுஞ்சொற்கள் 'மோர்', 'மோஸ்ட்' என்பனவற்றை முன்னே பெறும். இரண்டையும் சேர்த்து 'மோர் ஸ்வீட்டர்' என்பது பிழை. இலத்தீனிலிருந்து வந்த 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' முதலியன 'தேன்' என்பதை ஏலாது 'டு' என்பதையே ஏற்கும்.

வினையடியாகப் பிறந்தவை

நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்' என்று விடையிறுக்கும் இளைஞர், தமக்கு அப்பணியில் ஆர்வம் உண்டு எனக் கருதியே கூறுகிறார். கேட்பவர்க்கோ, தாம் பிறர்க்குச் சுவையூட்டுபவர் என அவர் தம்மைத் தாமே புகழ்வதாகப் படும். 'இன்ட்ரஸ்டட்' என்பதே அவர் கூற வேண்டிய சொல். தமிழில் 'மயக்கும் இசை', 'மயங்கிய மனம்' என வழங்குகிறோம். முன்னது பிறவினை, பின்னது தன்வினை. உணர்ச்சி குறித்து வரும் இச்சொற்களில் 'இங்' ஈறு மயக்குவதையும், 'எட்' ஈறு மயங்குவதையும் குறிக்கும் எனக் கொண்டால் குழப்பம் நீங்கும். ஆங்கிலத்துக்கு அஞ்சும் மாணவர்க்கு அவர்தம் தமிழிலக்கண அறிவே இங்குத் துணையாகிறது.

எனவே, புதியதொரு பெயரடையைக் கற்குங்கால் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. அது எவ்விடத்தில் நிற்கும்? ஒப்புமையில் எவ்வாறு மாறும்? 'குட் அட்', 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்பனபோல் எந்த இடைச்சொல்லைப் பின்னே வேண்டும்? இம்மூன்றையும் விடையோடு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தம் சொந்த வாக்கியம் ஒன்றை அமைத்துப் பழகும் மாணாக்கர்க்கு வகைகளின் பெயர்கள் தாமே நினைவில் நிற்கும். எழுத்தும் பிழையின்றி அமையும்.