பழைய மீன்தொட்டி வாங்கும் முன்

மடுல்சீமைக்குத் திரும்பியதும் பிள்ளைகள் மீன்தொட்டி கேட்கிறார்களா? பழையதே போதும். ஆனால் அடிக்கண்ணாடி வெடித்திருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 56 கிலோ.

மூலையில் கசிந்தால் திருத்தலாம். உட்பக்கப் பழைய சிலிக்கனை பிளேடால் முழுதும் சுரண்டுங்கள். பழையதன்மேல் புதியது சரியாக ஒட்டாது. பூஞ்சண மருந்து கலக்காத சிலிக்கன் பூசுங்கள். நம் குளிருக்கு மூன்று நாளாவது காயவேண்டும். பின் வாசலில் பத்திரிகைத்தாளின்மேல் வைத்து, நீர் நிரப்பி, ஒருநாள் பாருங்கள். தாள் நனையக்கூடாது.

லயன் காம்பராவில் மேசை சரியாக இருந்தும் நீர்மட்டம் ஒருபக்கம் சரிந்து தெரிந்தால், காலுக்குக் கட்டை வைத்துச் சமாளிக்காதீர்கள். தரை தாழ்ந்திருக்கலாம். சுவரிலும் புதிய வெடிப்பு இருந்தால் அது மண்சரிவின் அறிகுறியாகலாம். தொட்டியை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கும் (117) உடனே அறிவியுங்கள்.