முகவரி பெறாத கணினி

நுழையும்முன்
வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதனைத் தானாகப் பெறும் ஏற்பாடு தவறும்போது, பழுதை எங்கே தேடுவது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கல்லூரி விண்ணப்பத்தின் இறுதிநாள். ஒரு மேல்நிலைப் பள்ளி பத்துநாள் விடுமுறைக்குப்பின் திறந்திருக்கிறது. கணினி ஆய்வகத்தின் 40 கணினிகளில் 25 இணையத்தோடு இணைகின்றன. எஞ்சிய 15 இணைய மறுக்கின்றன. அவற்றின் முன் மாணவர்கள் மதிப்பெண் பட்டியலோடு காத்திருக்கிறார்கள். இப்படியொரு காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள்.

முகவரி வழங்கும் முறை
முகவரிகளைத் தானாக வழங்கும் விதிமுறைக்கு டிஎச்சிபி என்பது பெயர். 1993இல் இது முதன்முதலாக வரையறுக்கப்பட்டது. இயங்கத் தொடங்கும் கணினி, ‘முகவரி தருவார் உண்டா?’ என வலையமைப்பு முழுவதும் கேட்கும். வழங்கி ஒரு முகவரியை முன்மொழியும், கணினி அதனை வேண்டும், வழங்கி உறுதிசெய்யும். சிறிய இடங்களில் திசைவியே வழங்கியாகவும் பணிபுரிகிறது. இவ்வாறு கிடைப்பது சொந்த வீடன்று, குத்தகை வீடு. காலம் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்க முயலும். புதுப்பிக்காவிடில், காலம் முடிந்ததும் அம்முகவரி பிறருக்குச் செல்லலாம்.

விடை கிடைக்காத விண்டோஸ் கணினி, 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும். அத்தகைய இரு கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பரிமாறலாம். வெளியுலகை எட்ட இயலாது. நம் 15 கணினிகளிலும் இந்த எண்ணே தெரிகிறது. வினா போனது, விடை வரவில்லை. அல்லது வினாவே போகவில்லை. எது உண்மை?

தடம் பற்றித் தேடல்
முதலில் கம்பியை ஐயுறுவோம். இயங்கும் கணினியின் கம்பியைக் கழற்றி இயங்காததில் செருகினாலும் பயனில்லை. ஆகவே பழுது கம்பியிலோ சுவிட்சிலோ இல்லை. அப்படியாயின் கணினியிலா? இங்கே பலர் அவசரப்பட்டு இயங்குதளத்தையே மீண்டும் நிறுவத் தொடங்குவர், அரைநாள் வீணாகும். அதைவிட எளிய சோதனை ஒன்றுண்டு. எவரும் பயன்படுத்தாத முகவரி ஒன்றைக் கையால் இட்டுப் பார்க்கலாம். இட்டவுடன் இணையம் வந்துவிடுகிறது! கணினியும் நலமே. ஐயம் இப்போது வழங்கியின்மீது மட்டுமே நிற்கிறது. (சோதனை முடிந்ததும் கையால் இட்ட முகவரியை நீக்க மறவாதீர், பின்னாளில் அதே எண் வேறொரு கருவிக்குப் போனால் இரண்டும் மோதும்.)

திசைவியை அணைத்து இயக்கிப் பார்ப்பது பலரது வழக்கம். சில திசைவிகளில் அது குத்தகைப் பட்டியலையே அழித்துவிடும். சிக்கல் அன்றைக்கு மறையும். காரணமும் உடன் மறையும். எனவே பட்டியலை முதலில் பார்த்தலே முறை.

பட்டியல் சொன்ன செய்தி
திசைவிக்கு 192.168.1.100 முதல் 149 வரை 50 முகவரிகளே ஒதுக்கப்பட்டிருந்தன; குத்தகைக்காலம் 8 நாள். விடுமுறையில் அணைந்திருந்த கணினிகளின் குத்தகை காலாவதியானது. பள்ளி திறப்பதற்கு முன்நாள் நடந்த கூட்டத்திற்கு வந்தோரின் 25 கைப்பேசிகள் வைஃபைவழி இணைந்தன. அவர்கள் அன்றே வீடு திரும்பினர். முகவரிகளோ அவர்கள் பெயரிலேயே தங்கிவிட்டன. எஞ்சிய 25ஐ, முதலில் இயக்கப்பட்ட கணினிகள் எடுத்துக்கொண்டன. தாமதமாக விழித்த பதினைந்திற்கு எதுவும் மிச்சமில்லை.

குத்தகைக்காலத்தைச் சில மணிநேரமாகக் குறைத்தாலும், முன்னர் வழங்கிய குத்தகைகள் உடனே முடிந்துவிடா. ஆதலால் ஒதுக்கீட்டையும் விரிக்க வேண்டும். எதுவரை விரிப்பது? அச்சுப்பொறிக்கு நிலையாக 200 என்னும் எண் தரப்பட்டிருக்கிறது. அதனைத் தொடாமல் 189உடன் நிறுத்துவதே பாதுகாப்பு. பின்னர் அந்த 15 கணினிகளிலும் முகவரியைப் புதுப்பிக்கும் கட்டளையை இட, ஒவ்வொன்றாக 150, 151, 152 என எண்கள் வந்தன. மாணவர்கள் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தனர்.