குறும்படம் எடுக்க கேமரா வாங்கப் போறீங்களா? கொஞ்சம் இதைப் படிச்சிட்டுப் போங்க!



கல்சுரல்ஸ் நெருங்கினால் போதும், நம்ம ஹாஸ்டலில் அறைக்கு ஒரு இயக்குநர் உருவாகிவிடுவார். கதை ரெடி, ஹீரோ ரெடி, பின்னணி இசைக்குக்கூட ஆள் ரெடி. கேமராதான் பாக்கி. நாலைந்து பேர் காசு போட்டு ஒரு எச்.டி. கேம்கார்டர் வாங்கலாம் என்று முடிவாகும். கடையில் "இது 70 மடங்கு ஸூம் சார்" என்பார்கள். நம்ம ஆட்களும் வாயைப் பிளந்து பில் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பணம் வீட்டில் ஏதேதோ காரணம் சொல்லி வாங்கியது. இன்னொரு தடவை கேட்க முடியாது. அதனால் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். ஒலி, வெளிச்சம், நிறம், ஃபோகஸ் இந்த நாலையும் நம்ம கையால் மாற்ற முடிகிற கேமராதான் குறும்படத்துக்கு வேணும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

1. முதலில் மைக் சாக்கெட்

படம் கொஞ்சம் மங்கலா இருந்தால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கலைன்னா அடுத்த நிமிஷமே அரங்கத்தில் விசில் பறக்கும். கேமராவிலேயே இருக்கும் மைக், நடிகருக்குப் பத்தடி தள்ளி நிற்கிறது. மின்விசிறி, காற்று, கேமரா பிடித்தவரின் மூச்சு என எல்லாத்தையும் அது பதிவு செய்யும். எனவே வெளி மைக் செருக 3.5 மி.மீ. சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இது இருக்காது. ஹெட்போன் சாக்கெட்டும் இருந்தால் ரொம்ப நல்லது. பதிவாவதை அங்கேயே கேட்டுவிடலாம்.

2. ஆட்டோவை அணைக்க முடியுமா?

ஹீரோ சுவர் ஓரத்திலிருந்து ஜன்னல் பக்கம் நடக்கிறார். ஆட்டோ எக்ஸ்போஷர், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்ததும் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அதே மாதிரி ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒரு ஷாட்டில் முகத்தை மஞ்சளாகவும் அடுத்த ஷாட்டில் நீலமாகவும் காட்டும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, எடிட்டிங்கில் ஒட்டும்போது பல்லைக் காட்டும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் லாக் செய்ய வழி இருக்கணும். மெனுவுக்குள் நாலு படி போய்த்தான் மாற்ற முடியும் என்றாலும் பரவாயில்லை.

3. ஸூமை விடுங்க, அகலத்தைப் பாருங்க

நாம் படம் எடுப்பது ஹாஸ்டல் அறையில், கேன்டீனில், மாடிப்படியில். அங்கே எதற்கு 70 மடங்கு ஸூம்? முழு ஸூமில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். டிஜிட்டல் ஸூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, அவ்வளவுதான். ஆப்டிகல் ஸூமை மட்டும் கணக்கில் எடுங்கள்.

நமக்கு முக்கியம் லென்ஸின் அகலமான முனை. 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 43 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸ், 3 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டரை மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். 28 மி.மீ. என்றால் அதே இடத்திலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மூன்று நண்பர்களும் ஒரே ஃபிரேமில் வருவார்களா, ஒருத்தர் வெட்டுப்படுவாரா என்பது இதில்தான் இருக்கிறது.

4. அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் கேமரா

அங்கே விலை குறைவு என்று சொல்லி அனுப்புகிறவர்கள் கவனிக்க. அங்கே விற்பவை நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் கணக்கு. நம்ம ஊருக்கு 25, 50 கணக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/60 நொடி என்றால் ஒரு ஃபிரேமில் ஒன்றே முக்கால் மினுக்கல்கூட முழுசா அடங்காது. ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறி, படம் துடிக்கும். 1/50 வைத்தால் சரியாக இரண்டு மினுக்கல், 1/100 வைத்தால் ஒன்று. துடிப்பு போய்விடும். அந்தக் கேமராவில் ஷட்டரை இப்படி மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு அண்ணனுக்கு மெயில் போடுங்கள்.

5. எச்.டி. என்றால் எவ்வளவு இடம்?

அட்டையில் "ஃபுல் எச்.டி." என்று போட்டிருந்தால் 1920 x 1080 பிக்சல். ஆனால் தரம் பிட்ரேட்டையும் பொறுத்தது. ஏ.வி.சி.எச்.டி. கேமராக்களில் நொடிக்கு 24 மெகாபிட் தரம் இருக்கிறதா பாருங்கள். 24 மெகாபிட் என்றால் 3 மெகாபைட். நிமிடத்துக்கு 180, மணிக்கு 10.8 ஜிகாபைட். 16 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுக்கலாம். இன்டர்லேஸ்டு, புரொக்ரசிவ் இரண்டும் இருந்தால் 25 புரொக்ரசிவ் எடுங்கள். கணினித் திரையில் கோடு கோடாகத் தெரியாது.

செகண்ட் ஹேண்டில் கேனன் எச்.வி.20 (2007), எச்.வி.30 (2008) போன்ற டேப் கேமராக்கள் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். மைக் சாக்கெட் உண்டு. ஆனால் ஒரு மணி நேர டேப்பைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஃபயர்வயர் போர்ட்டும் வேண்டும். உங்கள் லேப்டாப்பில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

6. டி.எஸ்.எல்.ஆர். வாங்கினா என்ன?

நியாயமான கேள்வி. 2010இல் வந்த கேனன் 550டி-யின் சென்சார், சாதாரண கேம்கார்டர் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது. பின்னணி அழகாக மங்கும், இரவிலும் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறைவு. ஆனால் ஃபுல் எச்.டி.யில் சுமார் 12 நிமிடத்தில் பதிவு நின்றுவிடும், ஹெட்போன் சாக்கெட் கிடையாது, ஓடுகிற ஆளை ஃபோகஸில் வைக்கப் பழக்கம் வேண்டும். உங்கள் குழுவில் ஃபோகஸ் பிடிக்கப் பொறுமையான ஒருத்தர் இருந்தால் தாராளமாகப் போங்கள். டிபார்ட்மென்ட் விழா, சிம்போசியம் எல்லாம் சேர்த்து எடுக்கணும் என்றால் கேம்கார்டர்தான் சௌகரியம்.

7. காசு முழுவதையும் கேமராவில் போடாதீங்க

கையில் 30,000 ரூபாய் இருந்தால் கேமராவுக்கு 20,000க்கு மேல் போகாதீர்கள். மீதியில் டிரைபாட், மைக், இன்னொரு பேட்டரி, கார்டு வாங்குங்கள். ரிஃப்ளெக்டருக்கு ஒரு தெர்மோகோல் அட்டை போதும். நீங்கள் எடுக்கப்போவது வருஷத்துக்கு ஒரே படம் என்றால் வாங்கவே வேண்டாம். இரண்டு நாள் வாடகைக்கு நல்ல கேமராவை எடுங்கள், மீதியைச் சாப்பாட்டுக்கு வையுங்கள். பசியோடு யாரும் நன்றாக நடிக்க மாட்டார்கள்!

கடையில் செய்ய வேண்டியது

உங்கள் கார்டையும் ஹெட்போனையும் கொண்டு போங்கள். ஒரு நண்பரைக் கடை வாசல் வெளிச்சத்திலிருந்து உள்ளே நடந்து வரச் சொல்லி, எக்ஸ்போஷரை லாக் செய்து எடுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே அரை நிமிடம் எடுங்கள். பத்தடி தள்ளி ஒரு வசனம் பேசச் சொல்லுங்கள். பிறகு கேமராவை வேகமாக இடவலமாகத் திருப்பி, கம்பங்கள் சாய்கிறதா என்று பாருங்கள். அந்தக் கார்டை அறைக்குக் கொண்டுவந்து, எடிட் செய்யப்போகிற அதே லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். திக்கித் திணறாமல் ஓடினால் மறுநாள் போய் வாங்குங்கள்.

"இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்" என்று கடைக்காரர் சொல்லுவார். ஆஃபர் அடுத்த வாரமும் இருக்கும். அஞ்சு பேர் வீட்டுக் காசு, பொறுமையா செலவு பண்ணுங்க.