உயிர்ச்சத்தும் உள்ளமும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்க்கு வியப்பு எழுவதுண்டு. அதில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. வள்ளுவர் பெரிதும் பேசுவது உணவைப் பற்றியே. உடலுக்கு உணவு மருந்தாம் என்பதை ஏற்கும் நாம், உள்ளத்திற்கும் அஃது அவ்வாறே என்பதை எளிதில் ஏற்பதில்லை.

1962இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. தாய்ப்பாலையே நம்பி வளர்ந்த குழந்தைகள் சிலர் எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடந்தனர், முன்பு பழகியவற்றையும் இழந்தனர், மேனி கறுத்தது, கைகால்கள் தாமே அசைந்தன. தாயின் உடலில் வைட்டமின் பி12 குறைந்திருந்ததால் பாலிலும் அது குறைந்திருந்தது. அச்சத்தைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறினர்.

மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் உள்ள இச்சத்து, நரம்பைப் போர்த்தியுள்ள உறையைக் காப்பது. குறைந்தால் மறதி, சோர்வு, ஐயுறவு, சிலரிடம் மனப்பிறழ்வும் தோன்றலாம். இரத்தசோகை இல்லாதவரிடமும் இவை வருவதுண்டு.

நாஞ்சில் நாட்டில் மீன் இல்லாத சோறா என்று வினவுவீர்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். முதுமையில் இரைப்பையின் சுரப்புக் குன்றினால், உண்டது உடலில் சேர்வதில்லை. நீரிழிவுக்குத் தரும் மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்க்கும் இக்குறை நேரலாம். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துதல் தவறு. இரத்தத்தைச் சோதித்தால் போதும். மனநோய் எல்லாவற்றிற்கும் இதுவே காரணம் என்பதுமில்லை.

ஆரல்வாய்மொழியில் வாழ்ந்த என் பெரியும்மா அம்மாத்திரையைப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டவர். திடீரென, "சாவியை எடுத்தது யாரு?" என்று மருமகளைக் குற்றம் சொல்லத் தொடங்கினார். "வயசானா அப்படித்தான்" என்றோம் நாங்கள். "அந்தி நேரத்தில கணவாய்ப் பக்கம் போனாக, காத்துக் கருப்பாயிருக்கும்" என்றனர் அண்டை வீட்டார். ஓதிய தண்ணீரும் கொடுத்தோம். ஓராண்டு சென்றபின் நாகர்கோவில் மருத்துவர் ஒருவர், அவருடைய உள்ளங்கால் மரத்திருப்பதைக் கண்டு இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். ஊசி போடத் தொடங்கிய சில வாரங்களில் ஐயுறவு அகன்றது. பேரப்பிள்ளைகளின் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். மருமகளை அழைத்துச் சாவிக்கொத்தை அவர் கையிலேயே கொடுத்தார். பாதத்தின் மரப்பு மட்டும் இறுதிவரை நீங்கவில்லை.