உளுந்தஞ்சோறு பெரியவளான பெண்ணுக்கு மட்டும்தானா?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வீடுகளில் பெண் பெரியவளாகிவிட்டால் கறுப்பு உளுந்து வாங்குவதுதான் முதல் வேலை. உளுந்தங்களி, உளுந்தஞ்சோறு, நல்லெண்ணெய், முட்டை என்று கவனிப்பு பலமாக இருக்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் சடங்கு முடிந்ததும் உளுந்து மறுபடி இட்லி மாவுக்குள் ஒளிந்துகொள்கிறது. மாதாமாதம் ரத்தம் போவது அத்தோடு நின்றுவிடுகிறதா என்ன? அவளுக்குப் பொங்கிப் போட்ட அம்மாவின் கதி?

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிப்பானையைச் சுரண்டும் இல்லத்தரசிகளும் இதில் அடக்கம். ஆகவே இந்தச் சோற்றைச் சடங்குச் சாப்பாடாக ஒதுக்காமல், வாரம் ஒருநாள் வீடு முழுவதற்குமான ஒரே பானைச் சமையலாக்கிக் கொள்ளலாம்.

அரிசியோடு உளுந்து சேருவதில் என்ன விசேஷம்? நூறு கிராம் அரிசியில் புரதம் 7, 8 கிராம்தான். அதே எடை உளுந்தில் சுமார் 22 கிராம். அளவு மட்டுமல்ல, தரமும் பார்க்க வேண்டும். புரதத்தில் அமினோ அமிலங்கள் என்ற பல துண்டுகள் உண்டு. அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் மெத்தியோனின் குறைவு, அதை அரிசி ஈடுகட்டும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் அரைக்கிறார்கள் பாருங்கள், அந்த எள்ளிலும் மெத்தியோனின் நிறைய! ஆச்சிமாருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, செய்முறைக்கு வருவோம். நாலு பேருக்கு அரிசி ஒன்றரை டம்ளர், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை டம்ளர், முழுப் பூண்டுப் பல் பதினைந்து, சீரகம் ஒரு ஸ்பூன், வெந்தயம் அரை ஸ்பூன், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, உப்பு. வெந்தயம் கூடினால் கசக்கும், ஜாக்கிரதை.

உளுந்தில் கல், மண் பொறுக்கிவிட்டு வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். கறுப்புத் தோலில் சிவப்பது தெரியாது. உடைந்த பக்கத்து வெள்ளை லேசாகப் பொன்னிறமாகி வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். கருகினால் மொத்தச் சோறும் வீண். பிறகு இரண்டே தண்ணீரில் கழுவுங்கள். "தண்ணி கறுப்பா வருதே" என்று தோல் போகும்வரை தேய்த்துக் கழுவுகிறவர்கள் உண்டு. நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்தத் தோலில்தான் இருக்கிறது அம்மா!

பச்சரிசி என்றால் ஐந்தரை டம்ளர் தண்ணீர். புழுங்கலரிசி என்றால் அரைமணி நேரம் ஊறவைத்து ஆறு டம்ளர். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். உளுந்து நுரைத்துப் பொங்கும், வெயிட் வால்வை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் அதைக் கொஞ்சம் அடக்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. நாலு விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்து அணையுங்கள். பானையில் வைப்பவர்கள் உளுந்தைப் பாதி வேகவிட்டு அப்புறம் அரிசியைப் போட வேண்டும். எப்படிச் செய்தாலும் கஞ்சியை வடித்துவிடாதீர்கள். பி வைட்டமின்களில் ஒரு பங்கு அதோடு சாக்கடைக்குப் போய்விடும்.

துவையலுக்கு எள்ளையும் காய்ந்த மிளகாயையும் வறுத்து, தேங்காய், புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரைத்தால் போதும்.

பருப்பிலுள்ள இரும்புச்சத்து, கறி, ஈரலில் இருப்பதைப்போலச் சுலபமாக உடம்பில் சேராது. கூடவே வைட்டமின் சி வேண்டும். ஒரு நெல்லிக்காய்ப் பச்சடியோ, எலுமிச்சை பிழிந்த வெள்ளரித் துண்டுகளோ வையுங்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டவே வேண்டாம். அது இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். "உளுந்து சாப்பிட்டா இடுப்பு எலும்பு இரும்பாயிடும்" என்று சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. ரத்தசோகை இருப்பது பரிசோதனையில் தெரிந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு உளுந்தஞ்சோற்றை நம்புவது ஆபத்து. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

சர்க்கரை நோயாளிகள் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டி, ஒரு கரண்டியோடு நிறுத்தி, காய்கறியை அதிகமாக்கிக் கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதம், பொட்டாசியம் இரண்டிலும் கட்டுப்பாடு இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடாகப் போடுங்கள். ராத்திரியில் வயிறு மந்தமாகி, தூக்கம் கெடும்.

பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் கொடுப்பதாக இருந்தால் ஒரு சங்கதி: ஆற ஆற இந்தச் சோறு கட்டியாகிவிடும். அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் குழையக் கிளறி, மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு மூடுங்கள்.