ஒரு சதவீதம் குறைகிறது

நானும் தோழியும் சரிபாதிப் பங்கில் சீருடை தைக்கும் யூனிட் நடத்துகிறோம். நான் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவள், அவர் அப்படியல்ல. மத்திய அரசு டெண்டரில் எஸ்.சி. தொழில்முனைவோர் ஒதுக்கீடு எங்களுக்குக் கிடைக்குமா?
– வாசகி, ஈரோடு

இப்போதைய கணக்கில் கிடைக்காது. கூட்டு நிறுவனம் என்றால் பட்டியல் இனத்தவரின் பங்கு 51 சதவீதமாவது இருக்க வேண்டும். தோழி சம்மதித்தால் பங்கு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுங்கள். லாபமும் அதிகாரமும் அதன்படியே நடக்கட்டும், பெயருக்கு மட்டும் வேண்டாம்.

அதுவரை கைகட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நீங்கள் இருவருமே பெண்கள்! மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு, 3 பெண்களுக்கு. அந்த 3 உங்களுக்கு இன்றே பொருந்தும்.

இதற்குத் தேவையான, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இலவசம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதிவுச் சான்றைக் காட்டினால் டெண்டர் படிவத்துக்கும் கட்டணமில்லை, முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். பெரிய கம்பெனி 100 ரூபாய் என்று மிகக் குறைவாகக் கேட்டு, நீங்கள் 115 வரை கேட்டிருந்தாலும், 100-க்கு இறங்கி வந்தால் ஆர்டரில் ஒரு பகுதி கிடைக்கும். அந்த விலை கட்டுப்படியாகுமா என்று துணி, கூலி எல்லாம் சேர்த்து முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்.